நாற்பத்தொன்றாம் படி

பொத்தி துறைமுகத்தில் மூன்றாம் எண் கிரேன்.
அதன் கழுத்தில் என் கண்ணாடிக் கூண்டு.
ஏணிக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
காலையில் ஏறும்போது எண்ணுவதில்லை.
மதியம் சாப்பிட்டு ஏறும்போதுதான்
வாய் தானாக எண்ணும்.

நாற்பத்தொன்றில் வரும் அது.
முதலில் கொட்டாவி.
பிறகு காதுக்குள் ஒரு வண்டு.
பிறகு ரியோனி ஆறு கரையைவிட்டு எழுந்து
ஒரு சுற்றுச் சுற்றி
ஒன்றும் அறியாததுபோல் மறுபடி படுத்துக்கொள்ளும்.
கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்பேன்,
கன்னமெல்லாம் துரு.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டாம்.
இருக்கட்டும்.
தொண்டர் கண்ணயர்ந்தால்
இருபத்தெட்டு டன் பெட்டி
யார் தலைமேலும் ஊசலாடாது.

காரணம் சொல்லவா ஆளில்லை?
கொக்கி மாட்டும் பத்ரி சொன்னான்: சோளக்களி.
பாலாடைக்கட்டி செருகிய சோளக்களி
இரண்டு தட்டு இறக்கினால்
யானைக்கும் கண் சொருகும்.
வாயிற்காவல் வர்லாம்: கண்ணேறு.
ஒரு பொம்பளை அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால்
ஊர்க் கண் சும்மா இருக்குமா?
தங்கை எத்தேரி, தொலைபேசியில்: சர்க்கரை,
அப்பாவுக்கு இருந்ததே, போய்க் குத்திப் பார்.
இரவில் நானும் சேர்த்துக்கொண்டேன்:
மாதாமாதம் எட்டு நாள் போகும் ரத்தம்,
நாற்பத்தாறு வயது,
பேர் சொல்ல அஞ்சும் இன்னொன்று.

டாக்டர் மாக்வலா விரலில் ஒரு துளி எடுத்தார்.
சர்க்கரை இல்லை.
இமையை இழுத்துப் பார்த்தார்.
இரும்பு கொஞ்சம் குறைவு, மாத்திரை தருகிறேன்,
அது மட்டும் ஏணியில் ஆளைச் சுற்றாது.
கையில் பட்டை சுற்றி அழுத்தம் குறித்துக்கொண்டு
"எதிரே கடை இருக்கிறது.
தினமும் எப்படிச் சாப்பிடுவீர்களோ
அப்படியே சாப்பிட்டு வாருங்கள்" என்றார்.

சாப்பிட்டேன். ஆறு நிமிடம்.
அரைமணி கழித்து மறுபடி பட்டை.
உட்கார வைத்து ஒன்று, நிற்க வைத்து ஒன்று.
நூற்றுப் பதினெட்டு
தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது.

"உண்டதும் ரத்தம் வயிற்றுப் பக்கம் திரளும்.
மற்றக் குழாய்கள் இறுகிச் சமாளிக்கும்.
உங்களிடம் சமாளிக்கப் போதுமான நீரே இல்லை.
காலையிலிருந்து எவ்வளவு குடித்தீர்கள்?"

ஜன்னலைப் பார்த்தேன்.
மழை. பொத்தியில் மழைக்கா பஞ்சம்?
தவளைகள் தெருவரை வந்து கத்தும் ஊர்.
"குடிக்கவில்லை."
"தாகம் எடுக்காதா?"
"எடுக்கும்."

பிறகு சொன்னேன்,
பதினோரு வருடம் யாரிடமும் சொல்லாததை.
கூண்டில் கழிப்பறை கிடையாது, டாக்டர்.
இறங்க ஏழு நிமிடம், ஏற ஒன்பது.
அதுவரை கப்பல் நிற்கும்,
கப்பல் நின்றால் என் பேர் பலகையில் ஏறும்.
ஆண்கள் ஆளுக்கொரு பாட்டில் வைத்திருக்கிறார்கள்.
நான் இரவு ஒன்பதோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன்.
காலைக் காபி நாக்கு நனையுமளவு.
மதியம் இறங்கும்போது
உப்புக் கருவாடாகத்தான் இறங்குவேன்.
இறங்கியதும் அள்ளி அள்ளித் தின்பேன்.

பேனா நின்றது.
காரணம் என்ற இடத்தில் படிவத்தில் ஒரே கட்டம்.
எழுதினார், அடித்தார்,
கட்டத்துக்கு வெளியே எழுதினார்:
உணவுக்கு முன் இரண்டு குவளை நீர்.
களி பாதி. மெல்ல மென்று.
உண்டபின் ஒரு மணி நேரம் ஏணி கூடாது.
அதன் கீழே, துறைமுக மேலாளருக்கு என்று
தனித்தாளில் ஒரு வரி.
அதை மடித்துக் கொடுத்தார், படித்துக் காட்டவில்லை.

மேலாளர் தாளை வாங்கி
இழுப்பறையில் வைத்தார். இழுப்பறை மூடியது.

மறுநாள் இரண்டு குவளை குடித்தேன்.
ஒரு மணி நேரம் நிழலில் கிடந்து ஏறினேன்.
நாற்பத்தொன்றில்
ஆறு படுத்தபடியே கிடந்தது.
இரண்டு பெட்டி தூக்கி வைத்தேன், நூல் பிடித்தாற்போல.
மூன்றாவதற்குக் கொக்கி மாட்டிவிட்டு பத்ரி கை காட்ட,
விசையை அணைத்து
இறங்கத் தொடங்கினேன்.

ஏழு நிமிடம்.
கப்பல் நின்றது.
வாக்கிடாக்கியில் யாரோ கத்தினார்கள்:
லமாரா, என்ன கோளாறு?

தண்ணீர், என்றேன்.